ஓடாத டுகாட்டிதான் நல்ல டுகாட்டி: மறுத்துப் பேசுங்க பார்ப்போம்

ஜூன் 22, 2025, ஞாயிறு இரவு

முஜெல்லோ மோட்டோஜிபி பைக் ரேஸ் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆகுது. மார்க் மார்க்கேஸ் ஜெயிச்சாச்சு, சிவப்பு டுகாட்டியில, இத்தாலி மண்ணுல. அந்தச் சூட்டோட ஒரு கருத்தை வைக்கிறேன்: பழைய இத்தாலி ஸ்போர்ட் பைக் வாங்குறதுன்னா ஓடாத, கிலோமீட்டர் ஏறாத வண்டியா பார்த்து வாங்கணும். ஓடலைன்னா தேயலை. தேயலைன்னா செலவு இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

காரணம் இல்லாம சொல்லலை. பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்ல ஒரு அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல டுகாட்டி 848 ஈவோ ஒண்ணு கிடக்கு. 2012 மாடல், சிவப்பு, பிஒய் (பாண்டிச்சேரி) நம்பர். ஓனர் 5.9 லட்சம் சொல்றார். ஓடோமீட்டர் 4,906. பதிமூணு வருஷத்துக்கு 4,906! எங்க அல்சூர் பால்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்ல ஆறு மாசத்துல ஓட்டுற தூரம்.

கவரை எடுத்தப்போ சீட்டுக்கு அடியில அந்த ரெட்டைப் புகைக்குழல் தெரிஞ்சுது. பேரம் பேசணும்னு போனவன் வாயைத் திறக்கவே இல்லை.

ஜூன் 23, காலை

ராத்திரியோட பதினொரு பதில். அதுல ஒன்பது பேர் திட்டியிருக்கீங்க. ரொம்ப நன்றி.

"இத்தாலி வண்டி வாங்குறவனுக்கு ரெண்டு வண்டி வேணும், ஒண்ணு ஓட்ட, ஒண்ணு மெக்கானிக் வீட்டுக்குப் போக"ன்னு எழுதின ஒசூர் அண்ணனுக்கு: சிரிச்சேன், ஆனா அது பழைய ஜோக். 2012ல ஆடி கம்பெனி டுகாட்டியை வாங்கினதுக்கு அப்புறம் நிறைய மாறியிருக்கு.

(மதியம் சேர்த்தது: 848 அதுக்கு முன்னாடி வரைஞ்ச வண்டின்னு மூணு பேர் சுட்டிக் காட்டிட்டீங்க. சரி. வாபஸ்.)

ஜூன் 24

டயர்ல நாலு இலக்கம் பார்த்தியான்னு கேட்டிருக்கீங்க. பார்க்கலை. சனிக்கிழமை திரும்பப் போறேன்.

ஜூலை 5, சனி

போன வாரம் போக முடியலை, இன்னைக்குத்தான் போனேன். போய்ப் பார்த்ததுல என் கருத்துக்கு முதல் அடி.

டயர் ஓரத்துல 0912. 2012ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம் செஞ்ச டயர். கம்பெனியில இருந்து வந்த அதே ஜோடி. ஓனர் அதைப் பெருமையா சொல்றார்: "எல்லாமே ஒரிஜினல் சார், ஒரு நட்டு கூட மாத்தலை." தொட்டுப் பார்த்தேன், பேக்கரியில மீந்துபோன பன்னு மாதிரி இறுகிக் கிடக்கு. டிரெட் மட்டும் புதுசு.

கூட்டிட்டுப் போன மெக்கானிக் அண்ணன் வில்சன் கார்டன்ல கடை வெச்சிருக்கார், பூர்வீகம் என்னை மாதிரியே கேஜிஎஃப். அவர் வண்டியைச் சுத்தி வரவே இல்லை. குனிஞ்சு பெல்ட் கவரைப் பார்த்தார், நிமிர்ந்து ஓனரைப் பார்த்தார்.

"பெல்ட் எப்போ மாத்துனீங்க?"

"ஐயாயிரம் கூட ஓடலையே சார்."

"ஸ்டார்ட் பண்ணாதீங்க."

அவ்வளவுதான் பேசினார். டீ குடிக்கும்போதும் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, கேஜிஎஃப்ல மைன்ஸ் மூடின வருஷத்தைப் பத்திப் பேசிட்டு இருந்தார். 2001. அவங்க அப்பாவுக்கும் எங்க அப்பாவுக்கும் ஒரே மாசம் வேலை போயிருக்கு.

ஜூலை 6

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு "பெல்ட்னா என்ன, செயின் தானே?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். எனக்கே ஒரு குழப்பம் இருந்துச்சு, நேத்து ராத்திரி உக்காந்து தெளிவு பண்ணிக்கிட்டேன்.

பின் சக்கரத்துக்குப் போற செயின் வேற. இஞ்சினுக்குள்ள வால்வைத் தள்ளித் திறக்கிற கேம்ஷாஃப்ட்டைச் சுத்துறது 848ல ரப்பர் பெல்ட், சிலிண்டருக்கு ஒண்ணா ரெண்டு. கேம்ஷாஃப்ட்டுக்கும் செயின் போட்டது அதுக்கு அப்புறம் வந்த டுகாட்டிங்க, 899 பனிகாலே, 959 எல்லாம். நான் ஒரு நண்பர்கிட்ட 848க்கும் செயின்னு அடிச்சு விட்டிருந்தேன். அவர் இதைப் படிச்சா மன்னிக்கணும்.

பெல்ட் அறுந்தா ஏன் அவ்வளவு பயம்? மத்த வண்டியில வால்வைத் திறக்கிறது கேம், மூடுறது ஸ்பிரிங். இஞ்சின் வேகம் எகிறினா ஸ்பிரிங்கால ஈடு கொடுக்க முடியாது, வால்வு மூடாம மிதக்கும். டுகாட்டி இஞ்சினியர் ஃபாபியோ தால்யோனி என்ன பண்ணினார்னா, மூடுற வேலையையும் கேம்கிட்டயே கொடுத்துட்டார். திறக்க ஒரு கை, மூட ஒரு கை. இந்த முறைக்குப் பேர்தான் டெஸ்மோ. 1956ல சுவீடன்ல, ஹெடெமோரா ரேஸ்ல, அவரோட 125 சிசி டெஸ்மோ முதல் தடவை இறங்கினப்பவே ஜெயிச்சுது. இன்னைக்கும் மோட்டோஜிபி டுகாட்டியில அதே தத்துவம்தான்.

ரேஸ் ஜெயிக்க நல்லது, பர்சுக்குக் கெட்டது. 848ல எட்டு வால்வு. திறக்கிற பக்கம் ஒரு இடைவெளி, மூடுற பக்கம் ஒரு இடைவெளி, ஆக பதினாறு அளவு. ஒவ்வொண்ணா பார்த்து, இடைவெளியைச் சரி பண்ற ஷிம்ங்கிற சின்னத் துண்டை மாத்தணும், 12,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. 899ல அது 24,000. பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், திறந்த வால்வு திறந்தபடியே நிக்கும், பிஸ்டன் மேல வந்து முட்டும். அப்புறம் அந்த இஞ்சினை ஷோகேஸ்ல வைக்கலாம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லை, வயசும் கணக்கு. ஓடுற வண்டியில பெல்ட் சுத்திக்கிட்டே இருக்கும். நிக்கிற வண்டியில அதே பல்லு அதே புல்லி சக்கரத்துல, அதே வளைவுல வருஷக் கணக்கா மடிஞ்சு கிடக்கும். எச்எஸ்ஆர் பேஸ்மென்ட்ல நடந்தது அதுதான்.

ஓடாத வண்டி தேயாதுன்னு எழுதினேன் இல்லையா. தேயாது. மக்கும்.

ஜூலை 6, இரவு

மேல எழுதினதை வெச்சு "அப்போ டுகாட்டியே வேண்டாம்னு ஆயிடுச்சு"ன்னு யாரும் முடிவு கட்டாதீங்க. எனக்கு இன்னும் அந்த வண்டி வேணும். பெல்ட், டயர், ஃபோர்க் சீல், பிரேக் ஹோஸ், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், பேட்டரி, ஆயில் எல்லாம் சேர்த்து மெக்கானிக் அண்ணன் ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையை விலையில குறைச்சா வாங்கலாம்னு மனசு சொல்லுது. மனசுக்கு வாயில்லாம இருந்தா நல்லா இருக்கும்.

ஜூலை 9

டெல்லி நம்பர் வண்டி பாருங்க, பாதி விலைன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். பதினைஞ்சு வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு பெட்ரோலே கிடையாதுன்னு இந்த ஜூலை 1ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு மூணு நாள்ல நிறுத்தியும் வெச்சாங்க. அதனால அங்க பதறி விக்கிறாங்கங்கிறது உண்மைதான். ஆனா என்ஓசி, லாரி, இங்க வரி... எனக்குத் தெம்பில்லை.

டெல்லின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2023 செப்டம்பர்ல மோட்டோஜிபி நம்ம நாட்டுக்கு வந்தப்போ கிரேட்டர் நொய்டா போயிருந்தேன். வெயில் தாங்காம ரேஸையே 21 சுத்தா குறைச்சாங்க. பெட்ஸெக்கி ஜெயிச்சார், டுகாட்டி. ரெண்டாவதா வந்த மார்ட்டின் வண்டியை விட்டு இறங்கி நிக்க முடியாம சுருண்டுட்டார். கேலரியில பக்கத்துல இருந்த கோயம்புத்தூர்க்காரர் கொடுத்த மோர்தான் என்னைக் காப்பாத்துச்சு. மோரை எப்படி உள்ள கொண்டு வந்தார்னு இன்னும் புரியலை.

ஜூலை 20

காகிதக் கதை. இதைத்தான் முதல்லயே எழுதியிருக்கணும், சிவப்பு கலர் கண்ணை மறைச்சிடுச்சு.

பாண்டிச்சேரி நம்பர் எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வரி குறைவு. ஒரு காலத்துல பெரிய வண்டி வாங்கினவன் பாதிப் பேருக்கு பாண்டியில ஒரு விலாசம் இருந்துச்சு. இப்போ அதை நான் வாங்கினா, முதல்ல பாண்டி ஆர்டிஓ என்ஓசி கொடுக்கணும், படிவம் 28. அப்புறம் இங்க மறுபதிவு, கர்நாடக ஆயுள் வரி, அப்புறம்தான் என் பேர். வேற மாநிலத்து வண்டி இங்க பன்னிரண்டு மாசத்துக்கு மேல நின்னா மறுபதிவு பண்ணியே ஆகணும். இவர் எட்டு வருஷமா வெச்சிருக்கார். பேஸ்மென்ட்டை விட்டு வண்டி வெளிய வராததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு இப்போ தோணுது.

இன்னொண்ணு. அரசோட பரிவாகன் தளத்துல நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஆர்சியில பேங்க் பேர் இன்னும் நிக்குது. கடன் அடைச்சாச்சுன்னு சொல்றார். அடைச்சிருப்பார், ஆனா படிவம் 35 போட்டு பேரை எடுக்கலை. முதல் ஓனர் வாங்கின கடன் அது. அவர் இப்போ கனடாவுல.

வீட்ல இதைச் சொன்னேன். "பழைய நகை வாங்கினாலே ஹால்மார்க் பார்ப்பீங்க, இதுக்கு ஒண்ணும் பார்க்க மாட்டீங்களா?"ன்னு கேட்டா. பதில் இல்லை.

ஜூலை 21

ஓனரை "ஏமாத்துக்காரர்"னு எழுதினவங்களுக்கு: அப்படி இல்லைங்க. நல்ல மனுஷன், காபி கொடுத்தார், சாவி ரெண்டு, அதோட ரகசிய எண் இருக்கிற கோட் கார்டு எல்லாம் உறை கிழிக்காம வெச்சிருக்கார். வண்டியை சாமி மாதிரி வெச்சிருந்தார். சாமியை யாரும் ஓட்ட மாட்டாங்க, அதான் பிரச்சினை.

ஆகஸ்ட் 12

ஊரெல்லாம் இ20 பெட்ரோல் பேச்சு. கார்க்காரங்க மைலேஜ் போச்சுன்னு புலம்புறாங்க. நம்ம கவலை வேற.

848 காலத்து டுகாட்டி பல மாடல்ல பெட்ரோல் டேங்க் பிளாஸ்டிக். எத்தனால் கலந்த பெட்ரோலை அந்த பிளாஸ்டிக் உறிஞ்சி ஊதும். அமெரிக்காவுல இதுக்காகவே ஓனருங்க ஒண்ணா சேர்ந்து வழக்குப் போட்டு, கம்பெனி சமாதானமாப் போச்சு. அங்கே எத்தனால் பத்து சதவீதம்தான். நமக்கு இருபது. டேங்க் ஊதினா முதல்ல தெரியிறது போல்ட் ஓட்டை பொருந்தாம போறதுல. டேங்க்கைத் தூக்கிட்டுத் திரும்ப மாட்டினா உக்காராது.

எத்தனால் கலக்காத நூறு ஆக்டேன் பெட்ரோல் இருக்கு, லிட்டர் 160 ரூபாய்க்குப் பக்கம். எல்லா பங்க்லயும் கிடைக்காது. வண்டியை நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா மட்டும் அதைப் போட்டு வைங்கன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். தினம் ஓட்டினா பெட்ரோல் உள்ள கிடந்து ஊறாது, வந்த வேகத்துல எரிஞ்சிடும். நிறுத்தி வெச்சாத்தான் கேடு. எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிக்கிறேன், கவனிச்சீங்களா.

செப்டம்பர் 6

350 சிசிக்கு மேல இருக்கிற பைக்குக்கு இந்த மாசம் 22ல இருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம். எச்எஸ்ஆர்க்காரர் நேத்து போன் பண்ணினார். "புது வண்டி விலை ஏறுது சார், இனிமே 6.4." நான் ஜூலையில 4.5 கேட்டிருந்தேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வெச்சிட்டோம்.

செப்டம்பர் 20

இன்னொரு வண்டி. ஜெயநகர்ல ஒரு பல் டாக்டர், ஐம்பத்தஞ்சு அறுபது வயசு இருக்கும், கன்னடக்காரர், நம்மளை விட நல்ல தமிழ் பேசுறார். 2011 மாடல் 848 ஈவோ, கேஏ 05 நம்பர், ஒரே ஓனர். 27,340 கிலோமீட்டர்.

ஜூன் மாச நானா இருந்தா அந்த எண்ணைப் பார்த்ததும் விளம்பரத்தை மூடியிருப்பேன்.

வாசல்ல வண்டி நிக்குது. முன் ஃபேரிங்ல, அதான் வெளிக் கூட்டுல, கல்லடிச்ச தடம், இடது பக்கம் ஒரு கீறல். டாக்டர் வண்டியைக் காட்டலை, ஒரு ஃபைலைக் கொண்டு வந்து கையில கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட, பள்ளிக்கூட பிராக்ரஸ் கார்டு மாதிரி ஒரு ஃபைல். பெல்ட் மூணு தடவை மாத்தியிருக்கார், கடைசியா 2023. டெஸ்மோ சர்வீஸ் ரெண்டு. எந்த வால்வுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஷிம் போட்டாங்கன்னு கையெழுத்துல இருக்கு. பேட்டரிக்குப் போற கரன்ட்டை அளவா வைக்கிற ரெகுலேட்டர் ஒரு தடவை போயிருக்கு, அதுக்கும் ரசீது. டேங்க்கை வருஷம் ஒரு தடவை தூக்கி மாட்டிப் பார்த்து "பொருந்துகிறது"ன்னு கன்னடத்துல குறிச்சிருக்கார்.

ஏன் விக்கிறீங்கன்னு கேட்டேன். மணிக்கட்டைக் காட்டினார். நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள கையை வெச்சு வேலை பார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை அதே மணிக்கட்டுல உடம்பு பாரத்தைத் தாங்க முடியலையாம்.

கனகபுரா ரோடுல ஓட்டிப் பார்த்தேன். முதல் கியரே வேகத்துக்குன்னு வெச்சது, டிராஃபிக்ல கிளட்ச்சை விட விட நகர மாட்டேங்குது. பின் சிலிண்டர் குழாய் சீட்டுக்கு அடியிலதான் போகுது, தொடை வேகுது. சில்க் போர்டு டிராஃபிக்ல இந்த வண்டியில மாட்டினவன் வறுவல்தான். பனசங்கரி தாண்டி ரோடு திறந்ததும் நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல இழுத்தேன். அதைப் பத்தி இங்க எழுத மாட்டேன், எழுதினா கவிதை ஆயிடும்.

4.6 சொன்னார். 4.4க்கு முடிஞ்சுது. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த காசு.

செப்டம்பர் 28

காலையில பத்தரைக்கு ஜப்பான் ரேஸ், மோட்டேகி. மார்க்கேஸ் ரெண்டாவதா வந்து பட்டத்தை முடிச்சுட்டார். 2019க்கு அப்புறம், அந்தக் கையில அத்தனை ஆபரேஷனுக்கு அப்புறம், பெரிய வகுப்புல ஏழாவது பட்டம். வீட்ல நான் அழுததை யாரும் பார்க்கலை.

ஆனா இந்த இழைக்கு முக்கியம் அது இல்லை. ஜெயிச்சது அதே டுகாட்டி டீம்ல இருக்கிற பன்யாயா. கடைசி சுத்துகள்ல அவர் வண்டிக்குப் பின்னாடி வெள்ளைப் புகை. புத்தம் புது தொழிற்சாலை டுகாட்டி, உலகத்துலயே சிறந்த மெக்கானிக்குங்க, அதுவே புகை விட்டுக்கிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டுது. ஒசூர் அண்ணன் உடனே எனக்கு அந்தப் படத்தை அனுப்பி "உன் வண்டியா?"ன்னு கேட்டார்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

பூஜை போட்டாச்சு. எலுமிச்சம்பழம் நசுங்கிச்சு. படிவம் 29, 30ல கையெழுத்து வாங்கி ஆர்டிஓல கொடுத்தாச்சு. இன்சூரன்ஸும் என் பேர்ல மாத்தக் கொடுத்தாச்சு.

ஒரு தம்பி சரியா பிடிச்சிருக்கார்: 2011 வண்டின்னா பதினைஞ்சு வருஷம் 2026ல முடியுதே அண்ணா, அப்புறம் எஃப்சி எடுத்துத்தானே ஆர்சியைப் புதுப்பிக்கணும்? ஆமா தம்பி. அதை மறந்தே போயிட்டேன். எச்எஸ்ஆர் வண்டியில இவ்வளவு காகிதக் குத்தம் கண்டுபிடிச்சவன் இதைப் பார்க்கலை. விலையில இன்னும் பத்தாயிரம் குறைச்சிருக்கலாம்.

அக்டோபர் 26

எதிர்பார்த்தது நடந்துச்சு, எதிர்பார்த்த இடத்துல இல்லை.

மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில 2023 ஆகஸ்ட்ல இருந்து பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுல மாட்டு வண்டியோடதான் போகணும். அதனால கிருஷ்ணகிரி பக்கம். விடியக்காலை கிளம்பி, அத்திபெலே தாண்டி, ஒசூர்ல இட்லி. திரும்பி வரும்போது சூளகிரி கிட்ட மீட்டர் விளக்கு மங்குச்சு, இஞ்சின் ரெண்டு தும்மல், முடிஞ்சுது.

பெல்ட் இல்லை. வால்வு இல்லை. ரெகுலேட்டர். ஃபைல்ல ரசீது இருந்த அதே ரெகுலேட்டர், இது ரெண்டாவது. ஃபேரிங் உள்ள காத்துப் படாத இடத்துல மாட்டியிருக்கான், தன் சூட்டுலயே வெந்து சாகுது. அன்னைக்கு ராத்திரி மெக்கானிக் அண்ணன் நல்ல பேட்டரி போட்டு, இஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தார். 14 பக்கம் காட்டணும், 12ஐத் தாண்டவே இல்லை.

குட்டி யானைக்கு 2,800 ரூபாய். டிரைவர் தர்மபுரிக்காரர். வழி நெடுக வண்டி என்ன விலைன்னு கேட்டுக்கிட்டே வந்தார். நான் 1.2 லட்சம்னு சொன்னேன். "இதுக்கா?"ன்னார்.

நவம்பர் 16

வலென்சியா ரேஸ். சீசன் முடிஞ்சுது. போர்ச்சுகல்ல போன வாரம், இன்னைக்கு இங்கே, ரெண்டுலயும் பெட்ஸெக்கி, அப்ரிலியா. இன்னைக்கு ரெண்டாவது இடமும் அப்ரிலியா, ராவுல் ஃபெர்னாண்டஸ். மார்க்கேஸ் இந்தோனேசியாவுல அதே பெட்ஸெக்கி பின்னாடி இருந்து இடிச்சு விழுந்ததுல இருந்து வீட்ல.

அக்கா பையன் கேக்குறான்: மாமா, அப்ரிலியா 457 நம்ம ஊர் பாராமதியிலயே செய்யுறான், புதுசு, வாரன்டி இருக்கு, அதை வாங்கியிருக்கலாமே? வாங்கியிருக்கலாம்டா. நீ வாங்கு. நான் ஓட்டிப் பார்க்கிறேன்.

புது ரெகுலேட்டரை இடம் மாத்தி வால் பக்கம் காத்துப் படுற இடத்துல மாட்டியாச்சு. மூணு வாரமா தினம் ஆபீஸ் போறேன். தொடை பழகிடுச்சு. பழகலை, தோல் தடிச்சிடுச்சு.

டிசம்பர் 14

எச்எஸ்ஆர் வண்டி விளம்பரம் திரும்ப வந்திருக்கு. அதே பேஸ்மென்ட், அதே தூண். 6.75 லட்சம். "அரிய வாய்ப்பு, குறைந்த கிலோமீட்டர்." ஓடோமீட்டர் படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன்: 4,906.

மாரத்தஹள்ளி தம்பி, தனிச் செய்தியில கேட்டியே. வாங்குறதுன்னா வாங்கு, ஆனா ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லாதே. பெல்ட் மாத்துற வரைக்கும் தள்ளிக்கிட்டே போ.

வேற விஷயம். பின் டயர் மாத்தணும், 180/55. ஒத்தைக் கை ஸ்விங்ஆர்ம், நடுவுல ஒரே பெரிய நட்டு. ஜே.சி. ரோடுல நாலு கடை ஏறி இறங்கிட்டேன், ஒருத்தர்கிட்டயும் அந்த நட்டைக் கழட்டுற சாக்கெட் இல்லை. லாரி சாக்கெட் போட்டு அடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார், வண்டியை எடுத்துட்டு ஓடி வந்துட்டேன். அல்சூர், இந்திரா நகர் பக்கம் யார்கிட்டயாவது இருக்கா? ஞாயிறு காலையில வந்து வாங்கிக்கிறேன், மதியத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துடுறேன்.